கலெக்டர் கதவைத் திறந்தார்... குருமார்கள் எப்போது வாய் திறப்பார்கள்?

2023 ஜனவரி 30, திங்கட்கிழமை. திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டத்திலுள்ள தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் முதன்முறையாகக் கால் வைத்தார்கள். பெண்கள் கையில் பூமாலையும் தேங்காய் பழத் தட்டும் பொங்கல் பானையும் இருந்தன. பிறந்ததிலிருந்து வாசலுக்கு வெளியே நின்றே அம்மனைக் கும்பிட்டுப் பழகிய முதியவர்கள் அன்றுதான் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார்கள். எண்பது ஆண்டுக் காலத் தடை என்று செய்தித்தாள்கள் எழுதின. இத்தனைக்கும் அது தனியார் கோயில் அல்ல. இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில்.

அவர்களை அழைத்துக்கொண்டு முன்னால் நடந்தவர் அப்போதைய மாவட்ட ஆட்சியர் முருகேஷ். வேலூர் சரக டி.ஐ.ஜி. முத்துசாமியும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் கார்த்திகேயனும் உடன் வந்தார்கள். ஊரைச் சுற்றிலும் போலீஸ் குவிக்கப்பட்டிருந்தது. அந்த நாளின் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தாலும் கண்ணில் படுவது காக்கிச் சட்டைகள்தான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 2-ம் தேதி, இதே மாவட்டத்தின் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் இதே காட்சி. அதற்கு முன், 2022 டிசம்பர் இறுதியில், வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை வெளியே வந்தபோது, பக்கத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்களை அழைத்துப் போனவர் புதுக்கோட்டை ஆட்சியராக இருந்த கவிதா ராமு. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7-ம் தேதி வருவாய்த் துறை கோயிலுக்கு சீல் வைத்தது. அதை மீண்டும் திறக்க உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

ஆட்சியர், டி.ஐ.ஜி., ஆர்.டி.ஓ., தாசில்தார், நீதிபதி. கோயில் கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்கள் கடமையைச் செய்தார்கள், பாராட்டுவோம். ஆனால், 'இந்த அம்மன் உன்னுடையவளும்தான், உள்ளே வா' என்று சொல்ல வேண்டிய முதல் வாய் யாருடையது? சமயத்தின் பெயரால் பீடத்தில் அமர்ந்திருப்பவர்களுடையது அல்லவா?

திருவண்ணாமலையில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு ஆசிரமங்களும் மடங்களும் துறவிகளும் ஒரே இடத்தில் நிறைந்திருக்கும் ஊர் தமிழ்நாட்டில் இன்னொன்று இல்லை.

மலையைச் சுற்றும்போது இல்லாத சாதி

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதைக்குப் போய்ப் பாருங்கள். 14 கிலோமீட்டருக்கும் மனிதத் தலைகள். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை தோளோடு தோள் உரசிக்கொண்டு நடப்பவர்கள் யாரும், முன்னால் போகிறவரை 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்பதில்லை. அன்னதானப் பந்தலில் தொன்னையில் வாங்கும் சாம்பார் சாதத்தை வடித்தது யார் என்று யாரும் விசாரிப்பதில்லை. செங்கம் சாலையில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டிக்கொண்டு அண்ணாமலையார் சந்நிதிக்குப் போய் வருகிறார்கள். அவர்களையும் யாரும் மறிப்பதில்லை. மறிக்கவும் கூடாது.

அப்படிச் சுற்றி முடித்து, விடியற்காலைப் பேருந்தில் ஊர் திரும்புகிறவர்களில் பலர் அங்கே திருவிழாக் கமிட்டியில் உட்கார்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

வட மாவட்டக் கிராமங்களில் விலக்கி வைப்பது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். திருவிழாவுக்கு முன் ஊர்க் கூட்டம் கூடும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். வரி கொடுத்த வீட்டுக்குத்தான் திருவிழாவில் பங்கு: பொங்கல் வைக்கலாம், மண்டகப்படி செய்யலாம், சாமி அந்தத் தெருவுக்கு வரும். காலனியில் வசிக்கும் பட்டியல் சாதி மக்கள், 'நாங்களும் வரி தருகிறோம்' என்று பணத்தோடு வந்தால் வாங்க மாட்டார்கள். பணம் வேண்டாம் என்பதற்காக அல்ல, வாங்கிவிட்டால் உரிமை கொடுக்க வேண்டும் என்பதற்காக. யாரையும் அடிக்க வேண்டியதில்லை, திட்ட வேண்டியதில்லை. ஒரு ரசீதைப் போட மறுத்தால் போதும், ஒரு தலைமுறையே கோயிலுக்கு வெளியே நிற்கும். தென்முடியனூரில் தை மாதம் நடக்கும் பொங்கல் விழா 12 நாட்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமூகத்துக்கு. அந்தப் பன்னிரண்டில் பட்டியல் சாதி மக்களுக்கு ஒரு நாள்கூட இல்லாமல் இருந்தது. அவர்கள் கேட்டது அந்த ஒரு நாளைத்தான்.

அங்கே கோயில் பூசாரி ஊருக்கு உபதேசம் செய்கிறவர் அல்ல. பூசை செய்வார், தட்டு நீட்டுவார், கமிட்டி சொல்வதைக் கேட்பார். தேவாலயத்தில் பாதிரியார் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்வதுபோலவோ, பள்ளிவாசலில் இமாம் வெள்ளிதோறும் பேசுவதுபோலவோ கிராமக் கோயிலில் வாரப் பேச்சு கிடையாது. அப்படியானால் அந்த மக்களிடம் சமயத்தின் பெயரால் பேசுவது யார்? அவர்கள் மாலை போடும் குருசாமி, சேர்ந்திருக்கும் மன்றம், படம் மாட்டிவைத்திருக்கும் சாமியார், கிரிவலம் வரும்போது கும்பிட்டுப் போகும் ஆசிரமம். கமிட்டிக்காரர்கள் ஆர்.டி.ஓ. பேச்சைக் கேட்காமல் இருக்கலாம். குருசாமி சொன்னால் கேட்பார்கள்.

தட்டியின் இரண்டு பக்கம்

ரமணர் 1896 செப்டம்பர் 1-ம் தேதி இந்த ஊருக்கு வந்தார். மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த நாட்களில், சீடர்கள் தெருவில் பிச்சை எடுத்து வந்த சோற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து எல்லோருமாகப் பகிர்ந்து உண்டார்கள். யார் வீட்டுச் சோறு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 1916-ல் கேரளத்தின் நாராயண குரு இங்கே வந்து ரமணரைச் சந்தித்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஈழவர் சமூகத்தில் பிறந்து, 1888-ல் அருவிப்புறத்தில் தன் கையாலேயே சிவலிங்கத்தை நிறுவியவர் அவர். தனக்குச் சாதி இல்லை என்று அவர் வெளிப்படையாக அறிவித்ததும் அதே 1916-ல்தான்.

பிறகு ஆசிரமம் வளர்ந்தது, சாப்பாட்டுக் கூடம் வந்தது. அந்தக் கூடத்தில் பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். நடுவில் ஒரு தட்டி. ரமணர் இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும்படி அமர்ந்து சாப்பிட்டார். எல்லோருக்கும் பரிமாறாத எதையும் தனக்கென்று ஏற்க மறுத்தார். ஆனால், ஆசாரம் பார்க்கிறவர்களை வற்புறுத்தி ஒரே வரிசையில் உட்கார வைக்கவில்லை.

அந்த மகானின் பெருமையைக் குறைக்க இதை எழுதவில்லை. அவர் தன் வாழ்க்கையையே உபதேசமாக வைத்தார். பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்துத் திருந்தினார்கள். ஆனால் சாதி, பார்த்துத் தானாகத் திருந்துகிறவர்களின் பிரச்னை அல்ல. இவ்வளவு பெரிய ஞானி நடுவில் உட்கார்ந்திருந்தபோதே அந்தத் தட்டிக்கு இரண்டு பக்கம் இருந்தது என்றால், மற்றவர்களின் மௌனம் இங்கே எதைச் சாதித்துவிடும்?

ஆன்மாவுக்குச் சாதி இல்லை, எல்லா உயிரும் ஒன்று என்று இந்த ஊரில் தினமும் யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு யாரும் கோபப்பட்டு எழுந்து போனதில்லை. தென்முடியனூர் என்று ஊரின் பெயரைச் சொல்லி, 'அங்கே கோயிலுக்குள் விட மாட்டேன் என்றது பாவம். விட மறுத்தவர் இந்தச் சபையில் இருந்தால் திருந்துங்கள்' என்று சொல்லிப் பார்க்கட்டும். பத்துப் பேராவது எழுந்து போவார்கள். காணிக்கை குறையும். கட்டளைதாரர் ஒருவர் முகம் திருப்பிக்கொள்வார். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளத் துணிகிற குருதான் சாதியைப் பற்றி உண்மையில் பேசியவர்.

காரில் ஏறிப் போன ஆதீனம்

துணிந்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களில் ஒருவருடைய மடம் இந்த மலையின் பெயரையே தாங்கியது. குன்றக்குடி மடத்தின் முழுப் பெயர் திருவண்ணாமலை ஆதீனம். இங்கே தோன்றி, பின்னாளில் பாண்டி நாட்டுப் பக்கம் போய் நிலைத்தது. அதன் 45-வது பட்டமாக 1952-ல் பொறுப்பேற்றவர் தவத்திரு குன்றக்குடி அடிகளார்.

அவர் பட்டத்துக்கு வந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. கடவுள் மறுப்பாளரான பெரியாரை எதிரியாக நினைக்காமல் நண்பராக்கிக்கொண்டார். கோயிலுக்குள் சாதி பார்க்கிற வரை பெரியார் கேட்கும் கேள்விக்குச் சைவர்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. தீண்டாமையைத் திருமடத்தின் மேடையிலிருந்தே கண்டித்தார். அருள்நெறித் திருக்கூட்டம் என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

1982 மார்ச் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்து - கிறிஸ்தவர் கலவரம் வெடித்துத் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது அடிகளார் மடத்தில் உட்கார்ந்து அறிக்கை விடவில்லை. காரில் ஏறி அங்கே போனார். இந்துக்கள் ஊருக்கும் போனார், கடலோரக் கிறிஸ்தவ மீனவர் ஊர்களுக்கும் போனார். பயத்தில் வீட்டுக்குள் இருந்தவர்களை வெளியே வரவைத்துப் பேசினார். காவி கட்டிய ஒரு சைவ மடாதிபதி மீனவர் குப்பத்தில் வந்து நின்றதை அந்தப் பகுதியினர் இன்றும் சொல்கிறார்கள். 1995-ல் அவர் மறைந்தார்.

வேறு வழியில் செய்து காட்டியவர் மேல்மருவத்தூர் பங்காரு அடிகளார். 2023 அக்டோபரில் மறைந்த அவர் சாதியைப் பற்றி நீண்ட சொற்பொழிவுகள் செய்தவர் அல்ல. செவ்வாடை கட்டிய எந்தச் சாதிப் பெண்ணும் கருவறைக்குள் போய்த் தன் கையால் பூசை செய்யலாம், மாதவிலக்கு நாளும் தடையில்லை என்றார். அவ்வளவுதான். திருவண்ணாமலை மாவட்டத்தின் சின்னச் சின்ன ஊர்களில்கூட அவருடைய இயக்கத்தின் வழிபாட்டு மன்றங்கள் இருக்கின்றன. அந்த மன்றத்துக் காரியதரிசி ஒருவரே தன் ஊர் மாரியம்மன் கோயில் கமிட்டியிலும் இருக்கக்கூடும். மருவத்தூரில் இல்லாத சாதி உன் ஊரில் ஏன் என்று அவரைக் கேட்க வேண்டியது அந்த இயக்கத்தின் இப்போதைய தலைமை.

பாரதப் பிரசங்கியாரின் மைக்

இந்த வட மாவட்டங்களுக்கே உரிய ஒரு சமயப் பேச்சாளர் இருக்கிறார். அவரை யாரும் குரு என்று அழைப்பதில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது, மதியம் வந்து உட்கார்ந்து மகாபாரதம் சொல்கிற பிரசங்கியார்தான் அவர். பிற்பகல் வெயிலில் ஓலைப் பந்தலுக்குக் கீழே, பக்கத்தில் ஆர்மோனியம் வைத்துக்கொண்டு, வில்லிபாரதத்துப் பாட்டைப் பாடி அர்த்தம் சொல்வார். கிழவிகள் சுண்ணாம்புக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்பார்கள். இரவில் அதே கதை தெருக்கூத்தாக வரும். கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. இப்படி நாள் கணக்கில், ஒரு ஊரையே முன்னால் உட்கார வைத்துப் பேசுகிற வாய்ப்பு எந்த ஆதீனத்துக்கும் கிடைக்காது.

அந்தக் கதையிலேயே எல்லாம் இருக்கிறது. வில்வித்தை அரங்கில் வந்து நிற்கும் கர்ணனிடம், 'உன் குலம் என்ன?' என்று கேட்கிறார்கள். அவன் தலை குனிகிறான். கர்ணனுக்காக இந்தப் பகுதி மக்கள் விடுகிற கண்ணீர் கொஞ்சமில்லை. கர்ண மோட்சம் கூத்துக்குக் கூடுகிற கூட்டம் வேறெதற்கும் கூடாது. அந்த இடத்தில் பாட்டை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, 'நம்ம ஊர்ல இன்னைக்கு யாரைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்கிறோம்?' என்று பிரசங்கியார் கேட்டால் போதும். மைக் செட்டின் குழாய் காலனி வரைக்கும் கட்டியிருக்கும். அங்கேயும் கேட்கும்.

மேல்பாதியில் அடி விழுந்தது இப்படிப்பட்ட ஒரு திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில்தான். அதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

சிலுவைக்குக் கீழேயும்

இந்து சமயத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நேர்மை ஆகாது. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே மாதா, ஒரே நற்கருணை. ஆனால் சவ ஊர்வலம் போகும் பாதையில்கூடப் பாகுபாடு. 2008 மார்ச் 9-ம் தேதி அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். மோதிக்கொண்ட இரண்டு தரப்பும் கிறிஸ்தவர்கள்தான். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2003 நவம்பரில், ரோம் நகருக்குப் போன தமிழக ஆயர்களிடம், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று போப் இரண்டாம் ஜான் பால் தெளிவாகச் சொல்லியிருந்தார். 1833-லேயே கல்கத்தா ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன், தென்னகச் சபைகளில் சாதியை உடனடியாக ஒழிக்கும்படி கடிதம் அனுப்பினார். மேலே இருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. பங்கின் பீடத்தில் ஞாயிற்றுக்கிழமை நிற்கிறவர், முன்வரிசையில் இருக்கும் ஊர்ப் பெரியவர்களின் முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்லாதவரை, கடிதம் கடிதமாகவே கிடக்கும்.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் நகரின் எட்டு வெள்ளை மதகுருமார்கள் கூட்டாக ஓர் அறிக்கை விட்டார்கள். கறுப்பின மக்கள் போராட்டத்தைக் கைவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். சிறையில் இருந்த மார்ட்டின் லூதர் கிங் அவர்களுக்கு எழுதிய பதில்தான் உலகப் புகழ்பெற்ற அந்தக் கடிதம். கிங் அதை எழுதியது வெறி பிடித்த நிறவெறியர்களுக்கு அல்ல. நல்லவர்கள் என்று பெயர் வாங்கியிருந்த பாதிரியார்களுக்கும் ரபிக்கும். பொறுமை என்ற சொல்லை நாமும் கேட்டிருக்கிறோம். கோயில் நுழைவுக்காகக் கூட்டப்படும் ஒவ்வொரு அமைதிப் பேச்சுவார்த்தையிலும் காலனி மக்களிடம் சொல்லப்படுவது அதுதான்.

தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தத் திருச்சபை 1857-ல் ஒரு தீர்மானம் போட்டது. சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, கறுப்பினக் கிறிஸ்தவர்களுக்குத் தனி இடத்தில் வழிபாடு நடத்தலாம் என்றது. அந்தச் சிறு விட்டுக்கொடுத்தல் வளர்ந்து வளர்ந்து நிறவெறி ஆட்சிக்கே வேத நியாயமாக ஆனது. 1963-ல் பையர்ஸ் நோடே என்ற பாதிரியார் அதை எதிர்த்துத் தன் சபையின் போதகர் பொறுப்பையே விட்டு விலகினார். 'அவர்களுக்குத் தனியாக ஒரு கோயில் கட்டிக் கொடுத்துவிடலாமே' என்று நம் ஊர்ப் பேச்சுவார்த்தைகளில் யாராவது சமாதானம் சொல்லும்போது, இந்த 1857 தீர்மானம் நினைவுக்கு வர வேண்டும். மதுரையிலும் 1939 ஜூலை 8-ம் தேதி வைத்தியநாத அய்யர் தாழ்த்தப்பட்ட மக்களை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனபோது, பட்டர்களில் ஒரு பிரிவினர் வெளியேறி வேறிடத்தில் மீனாட்சிக்குத் தனி வழிபாடு நடத்தினார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பித்தான் வந்தார்கள்.

ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள்

திருவண்ணாமலைக்கு இந்த வரலாற்றில் இன்னொரு பங்கும் உண்டு. 2006-ல் தமிழக அரசு அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று ஆணையிட்டு ஆறு பயிற்சிப் பள்ளிகளைத் தொடங்கியது. சைவத்துக்கான நான்கில் ஒன்று இங்கே. இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஆறு பள்ளிகளிலும் பயிற்சி முடித்தார்கள். தீட்சை பெற்றார்கள், மந்திரம் கற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஓரிருவரைத் தவிர மற்றவர்கள் 2021 ஆகஸ்ட் 14 வரை காத்திருந்தார்கள். அன்று 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. திருவண்ணாமலையைச் சேர்ந்த ரங்கநாதன் போன்றவர்கள் பயிற்சி பெற்ற அர்ச்சகர்களுக்குச் சங்கம் அமைத்து அந்த ஆண்டுகள் முழுவதும் போராடினார்கள்.

கருவறைக்குள் யார் நிற்கிறார் என்பதும் ஒரு பிரசங்கம்தான். காலனியில் பிறந்த ஒருவர் கையால் திருநீறு வாங்கிக்கொள்கிற ஊரில் தலைக்கட்டு வரி வாங்க மறுப்பது கடினம். அந்த 24 பேருக்குப் பக்கத்தில் நின்று 'இவர் எங்கள் அர்ச்சகர்' என்று மடாதிபதிகள் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1947-ம் ஆண்டின் கோயில் நுழைவுச் சட்டம், அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு, வழிபாட்டைத் தடுப்பதைக் குற்றமாக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். போலீஸ் பாதுகாப்போடு ஒரு நாள் உள்ளே அழைத்துப் போக இவை போதும். மறுநாள் அதே கோயிலில் பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்க, சட்டம் போதாது. ஆட்சியர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். மடமும் ஆசிரமமும் இங்கேயே இருக்கும்.

அதனால் திருவண்ணாமலையின் ஆசிரமங்களையும், மடங்களையும், செவ்வாடை மன்றங்களையும், ஐயப்ப குருசாமிகளையும், பங்குத் தந்தையரையும், இமாம்களையும், பாரதப் பிரசங்கியார்களையும் கேட்கிறோம். அடுத்த தை மாதத்துக்கு முன், உங்கள் சபையில் ஒரே ஒரு நாள், உங்கள் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே யாரை உள்ளே விடவில்லை என்பதையும் சொல்லிப் பேசுங்கள். காலனி மக்கள் தரும் வரிக்கு ரசீது போடச் சொல்லுங்கள். கமிட்டி தயங்கினால், ஆட்சியர் வருவதற்கு முன் நீங்கள் அந்த ஊருக்குப் போங்கள்.